பத்தொன்பது கிலோ ஸ்டியரிங்

பெருமதிப்புக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும், ஒரு தோளும் ஒரு ரப்பர் குழாயும் நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் எந்த நீங்கலும் இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாங்கள் கொடுத்த பிக்கப்புக்கு மட்டும் ஒன்று ஆகியிருக்கிறது. அதை ஆக்கியவன் நான். மற்றவர் வாயால் தாங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் என் கையாலேயே எழுதிவிடுவது மரியாதை என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் உங்கள் தங்கை நாற்றுப்பண்ணை ஆரம்பித்தபோது, அந்தப் பச்சை பிக்கப்பை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினீர்கள். சாவியை அவள் கையில் கொடுத்தீர்கள், என் கையில் அல்ல. அது சரியான முடிவு. எனக்கு அன்றும் வண்டி ஓட்டத் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் நிபந்தனையை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். "மாப்பிள்ளை, கம்பெனியில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியே வெச்சிருக்கேன். ஒரு ஸ்க்ரூவை மாத்தணும்னாலும் என்னைக் கேட்டுட்டு மாத்துங்க." நான் தலையை ஆட்டினேன். எடையளவு ஆய்வாளராக இருந்தவன் தலையை ஆட்டினால் அது முத்திரை குத்தியதற்குச் சமம். அந்த முத்திரையைத்தான் இப்போது உடைத்திருக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் உங்கள் தங்கையின் வலது தோள் இறுகிப்போய்விட்டது. தலை சீவக் கை எழவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போட என்னைக் கூப்பிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், இருபத்தொரு வருஷத்தில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. பிசியோதெரபி செய்யும் அம்மா கையைத் தூக்கிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, "சரியாயிடும், ஆனா மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் இந்தக் கையால மூணு கிலோவுக்கு மேல இழுக்கவோ தள்ளவோ கூடாது" என்று சொல்லிவிட்டார். உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நின்ற இடத்தில் அதன் ஸ்டியரிங்கைத் திருப்புவது, கிணற்றிலிருந்து ஒரு ஆளை மேலே இழுப்பது மாதிரி. டிரைவர் வைத்துப் பார்த்தோம். வந்தவர் கேட்டுக்குள் வண்டியை ஒரு தடவை திருப்பினார், இறங்கினார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார், "வரேம்மா" என்று போனவர் போனவர்தான்.

நாற்றுகள் பைகளிலேயே வேர் முட்டி நின்றன. கடைக்காரர்கள் போன் செய்து கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார்கள். ஒருநாள் காலை அவள் வாசல் படியில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "வித்துடலாம்ங்க. இப்படி நிக்கிறதைப் பார்த்தா எனக்கு என்னமோ பண்ணுது. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்." நம் வீட்டில் அவள் குரல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பண்ணையின் அந்தக் கோடியில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். அன்றைக்கு அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அடுத்த நாளே ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். பழைய வண்டிகளைப் பொறுக்கிச் சேர்க்கிறவர். கண்ணாடி போட்டுக்கொண்டு கதவின் துருவை முகர்ந்து பார்த்தார். எனக்கு அப்போதே அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

அவர் போனதும் நான் பரணில் இருந்த என் பழைய ஸ்பிரிங் தராசை இறக்கினேன். அதன் கொக்கியை ஸ்டியரிங் வளையத்தில் மாட்டி, வண்டி நின்ற நிலையில் மெதுவாக இழுத்தேன். முள் ஐந்தைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, பதினைந்தில் என் மூச்சு வாங்கியது, பத்தொன்பதில்தான் வளையம் அசைந்தது. மூன்று முறை இழுத்து சராசரி எடுத்தேன். பத்தொன்பது கிலோ நூறு கிராம். தோளுக்கு அனுமதி மூன்று. இடையில் இருக்கும் பதினாறு கிலோ நூறு கிராமை யாராவது தூக்கிக்கொள்ள வேண்டும். மனிதர் யாரும் கிடைக்காததால் இயந்திரத்தைத் தேடிப் போனேன்.

எங்கள் பகுதியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "ஆச்சு சார்" என்பதால் அவருக்கு ஆச்சு என்றே பெயர். வேலை ஆரம்பிக்காததற்கும் ஆச்சு, பாதியில் நிற்பதற்கும் ஆச்சு. அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை. "பவர் ஸ்டியரிங் போட்டுடலாம் சார். இன்ஜின்ல ஒரு பம்ப்பு, பம்ப்பைச் சுத்த ஒரு பெல்ட்டு, கீழ வேற ஒரு ஸ்டியரிங் பெட்டி, நடுவுல ரெண்டு குழாய். ஆயில் போய்த் தள்ளும், அம்மா சும்மா கையை வெச்சா போதும். மூணு நாள் வேலை. ஆச்சுன்னு வெச்சுக்கங்க." அவர் சொன்ன அந்த மூன்று நாள் இருபத்தாறு நாள் நடந்தது. உங்கள் தங்கையிடம், விற்பதற்கு முன்னால் பிரேக்கைச் சரிபார்க்க அனுப்புகிறேன் என்று பொய் சொன்னேன். "விக்கப்போற வண்டிக்கு எதுக்கு" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு கேள்வியோடு விடுகிறவள் இல்லை அவள்.

ஸ்டியரிங் பெட்டி வாங்க ஆச்சு என்னைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பினார். அந்தக் கடையை நடத்தும் அம்மாள் ஒரு பஸ் சீட்டைத் தரையில் போட்டு அதில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார். "நீங்க அந்த ஆபீசர்தானே? பன்னெண்டு வருஷம் முன்னாடி என் தராசைத் தூக்கிட்டுப் போனவரு?" ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். "நான் ஓய்வு பெறலையே" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு பெரிய பெட்டியைக் காலால் உருட்டிவிட்டு, "இது வேனோடது. உங்க வண்டிக்கு ஒத்துவருமான்னு மெக்கானிக்கைக் கேட்டுட்டு மாட்டுங்க" என்றார். நான் போன் போட்டுக் கேட்டேன். ஆச்சு சார், எடுத்துட்டு வாங்க என்றார் ஆச்சு.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கே வரிசை மறந்துபோகும் அளவுக்கு நடந்தது. பம்பை மாட்டும் இடத்தில் ஏற்கெனவே வேறொன்று இருந்தது, அதைத் தள்ளி வைத்தார்கள், அது ஃபேனில் இடித்தது, ஃபேனைத் தள்ளினால் ரேடியேட்டரில் இடித்தது, கடைசியில் இரும்புப் பட்டையை வெட்டி வெல்டு வைத்துப் பம்பை மேலே ஏற்றினார்கள், இப்போது பானெட் மூடவில்லை. பானெட் மூடும்படி செய்தபோது பெல்ட் கோணலாக ஓடி, வண்டி ஒரு கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. புதிய பெட்டி பழையதைவிட நீளம், அதனால் ஸ்டியரிங் வளையம் நான்கு விரற்கடை உள்ளே நீண்டு, ஆச்சுவின் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு வயிறு கொஞ்சம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் மூச்சு விட்டாலே ஹாரன் அடித்தது என்றால் அளவு தவறு என்றுதானே அர்த்தம். ஸ்டியரிங் தண்டை வெட்டிச் சுருக்கினார்கள். நான் அளவு நாடாவோடு பக்கத்திலேயே நின்றேன். மில்லிமீட்டரில் சொன்னேன். அவர்கள் விரலில் அளந்தார்கள்.

இருபதாம் நாள் சோதனை ஓட்டம். பட்டறையின் பின்பக்கம் காலியிடம், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் துணி காயும் கொடி. ஆச்சு ஓட்ட உட்கார்ந்தார். நான் வண்டிக்கு முன்னால் நின்றேன். உங்கள் தங்கைக்கு இருபத்தொரு வருஷமாக நான் செய்த ஒரே வாகன சேவை அதுதான், முன்னால் நின்று கையைக் காட்டுவது. "வலது பக்கம் ஒடிங்க, இடதுல தொட்டி இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரே விரலால் வளையத்தை வலதுபக்கம் சுற்றினார், அத்தனை லேசாக. வண்டியும் அத்தனை லேசாக இடதுபக்கம் திரும்பித் தொட்டியை நோக்கிப் போனது. "வலது, வலது" என்று கத்தினேன். அவர் இன்னும் வலதுபக்கம் சுற்றினார். வண்டி தொட்டியை முட்டி நின்றது. தண்ணீர் என் முழங்கால் வரை வந்தது.

ஆச்சு இறங்கித் தன் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். "சார், நீங்க வலதுன்னா சொன்னீங்க, இடதுன்னா சொன்னீங்க?"

"வலதுன்னுதான் சொன்னேன்."

"நானும் வலதுதான் திருப்பினேன்." தொட்டியைப் பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லிடுங்க சார். ரெண்டு நாள்ல பழகிடும்."

மைத்துனரே, நான் கோபக்காரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷ சர்வீசில் ஒரு கடைக்காரரையும் அதட்டியதில்லை, முத்திரையை மட்டும்தான் அழுத்திக் குத்துவேன். அன்றைக்கு நனைந்த செருப்போடு தரையில் உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டு, பென்சிலால் படம் போட்டேன். பெட்டியிலிருந்து வெளியே வரும் இரும்புக் கை, சக்கரங்களை இணைக்கும் தண்டை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வேனில் அந்தப் பெட்டி அச்சுக்கு முன்னால் உட்காரும், நம் வண்டியில் பின்னால். இடம் மாறினால் தள்ளும் திசையும் மாறும். பெட்டியில் குற்றமில்லை, அது வேனுக்குச் சரியாகத்தான் திரும்பியிருக்கும். படத்தை ஆச்சுவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, முதல் தடவையாக, "ஆகலை சார்" என்றார். சொல்லும்போது அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது, நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் இரும்புக்கடைக்குப் போனேன். "நான்தான் கேட்டுட்டு மாட்டுங்கன்னு சொன்னேனே" என்றார் அந்த அம்மாள். தலை குனிந்து நின்றேன். யாருக்காக இந்த வேலை என்று கேட்டார். தோள் விஷயத்தையும், நாற்றுகள் வாடுவதையும், ஒன்றாம் தேதி ஆள் வரப்போவதையும் சொன்னேன். அவர் பஸ் சீட்டிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அப்போதுதான். கடைக்குள் போய் அரைமணி நேரம் இரும்பைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. முகமெல்லாம் கரியாக, ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "இது பிக்கப்போடதுதான். நானே கழட்டினது. திருப்பிக் காட்டுறேன் பாருங்க." காட்டினார். வலதுக்கு வலது. பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "என் தராசு சரியா இருக்கான்னு ஒருக்கா பாருங்க. அப்புறம் எவனாவது சின்ன ஆபீசர் வந்து தூக்கிட்டுப் போவான்." பார்த்தேன். இருநூறு கிராம் அவருக்கே நஷ்டமாகக் காட்டிக்கொண்டிருந்தது, அன்று நான் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்ததிலிருந்து, பன்னிரண்டு வருஷமாக. சரிசெய்து கொடுத்தேன். என்னை என்ன சொல்லித் திட்டினார் என்பதை இங்கே எழுத முடியாது, ஆனால் சிரித்துக்கொண்டேதான் திட்டினார்.

புதிய பெட்டி உட்கார்ந்தது. பெல்ட் நேரானது. முப்பதாம் தேதி மாலை, இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்ற நிலையில், ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தேன். இரண்டு கிலோ அறுநூறு கிராம். மறுபடியும் இழுத்தேன். இரண்டு கிலோ அறுநூறு. மூன்றாவது தடவை முள் எனக்குத் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. ஆச்சு பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். மெதுவாகச் சொன்னார், "ஆச்சு."

ஒன்றாம் தேதி காலை ஆச்சு வண்டியைக் கொண்டுவந்து பண்ணைக்குள் நிறுத்தினார். நான் உங்கள் தங்கையைக் கூப்பிட்டு விஷயத்தை உடைக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், வண்டி வாங்க வந்த அந்தக் கண்ணாடிக்காரர் குறித்த நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். "வண்டியைக் கொஞ்சம் வெளிய எடுத்து விடுறீங்களா?" என்றார். நான் "ஏம்மா, ஒரு நிமிஷம்" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. கடைசித் தடவை என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தை இறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், இன்ஜினைப் போட்டாள், பல்லைக் கடித்தாள், இருபத்தொரு வருஷப் பழக்கத்தில் உடம்பு முழுவதையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள். வளையம் பம்பரம் மாதிரி சுற்றியது. வண்டி சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பி, எருக்குவியலில் முன்சக்கரம் இரண்டும் ஏறி நின்றது. கண்ணாடிக்காரர் ஒரு தாவலில் எலுமிச்சை நாற்றுகளுக்கு நடுவே போய் நின்றார், ஒரு நாற்றுகூட மிதிபடவில்லை, அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு வலது கையின் இரண்டு விரலை மட்டும் வைத்து, சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, லேசாகத் திருப்பினாள். திரும்பியது. ஒரு விரலை எடுத்துவிட்டுத் திருப்பினாள். திரும்பியது. முன்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். என் கையில் ஸ்பிரிங் தராசு இருந்தது, அதை ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

"என்னங்க பண்ணீங்க?"

"ரெண்டு கிலோ அறுநூறு" என்றேன்.

வண்டியைப் பின்னால் எடுத்து, எருக்குவியலிலிருந்து இறக்கி, நேராக நிறுத்தி, இறங்கி வந்து கண்ணாடிக்காரரிடம் கும்பிட்டுச் சொன்னாள், "மன்னிச்சுக்கங்க. வண்டி விக்கிறதுக்கு இல்லைங்க." அந்தக் குரல் பண்ணையின் அந்தக் கோடிவரை கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, பிரேக் வேலை என்று பொய் சொன்னதற்காக ஒரு மணி நேரம் திட்டினாள். நான் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

இப்போது மூன்று வாரமாக அவளே கடைகளுக்கு நாற்று கொண்டுபோகிறாள். மூட்டைகளை ஆச்சு அனுப்பும் ஆள் ஏற்றி இறக்குகிறார். கை காதுவரை எழுகிறது, பிசியோதெரபி அம்மா தலையில் கை எட்டும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். ஆகவே என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக் கூடாது என்றீர்கள், நாற்பத்தேழு மாறியிருக்கின்றன, எண்ணி வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய பெட்டியை ஆயில் தடவி, சாக்கில் சுற்றி, சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். என்றைக்கு நீங்கள் சொன்னாலும் திரும்ப மாட்டிவிடலாம். தண்டை வெட்டியது மட்டும் வெட்டியதுதான். உங்களைக் கேட்காமல் செய்ததற்குக் காரணம், நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு குழாயில் இன்னும் ஆயில் கசிகிறது, காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஒரு தட்டு அளவுக்கு வட்டம் இருக்கிறது. ஆச்சு ஆச்சு என்கிறார். அது நிற்கும்வரை, ஒரு மாதத்துக்காவது, வண்டியைப் பார்க்க வர வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். திட்டுவதாக இருந்தால் தபாலில் திட்டுங்கள், பதிவுத் தபாலாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால்கள் படி ஏறும்போது சத்தம் போடாமல் இருக்கவும், உங்கள் இரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருந்த இடத்திலேயே கடைசிப் பக்கத்திலும் இருக்கவும் மனதார வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே ஒரு மாதம் வராதீர்கள் என்று எழுதியதையும், தபாலில் திட்டுங்கள் என்று எழுதியதையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். கடிதத்தை உறையில் போட்டு ஸ்டாம்பை நாக்கில் வைத்த நேரத்தில் உங்கள் தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணனுக்கா? எதுக்கு ஸ்டாம்பை வீணாக்குறீங்க? நாளைக்கு காலைல கிளம்பிப் போய் நேர்லயே குடுத்துடலாம். ஆறு மணி நேரம்தானே, நான் ஓட்டுறேன்" என்றாள். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். துணிமணி எடுத்து வைத்தாகிவிட்டது. ஆகவே இது தபாலில் வந்த கடிதம் இல்லை, என் கையால் உங்கள் கையில் கொடுத்தது. இந்த வரிக்கு வந்ததும் தயவுசெய்து தலையை நிமிர்த்திப் பாருங்கள். எதிர் நாற்காலியில் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்தான். உங்கள் தங்கை வாசலில் வண்டியை விட்டு இறங்கியே இருக்க மாட்டாள், அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் இன்ஜினை அணைக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.